பத்து மணிக்குள் பச்சை

மம்மி வீட்டுச் சமையலறையில் எந்த டப்பாவிலும் மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்காது, மேடம். பிஸ்கட் படம் போட்ட தகர டப்பாவைத் திறந்தால் ஊசியும் நூலும் இருக்கும். காபித்தூள் பாட்டிலில் கடுகு இருக்கும். 'சர்க்கரை' என்று மம்மியே காகிதத்தில் எழுதி ஒட்டிய டப்பாவிலிருந்து ரவையை எடுத்து நான் காபியில் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டில் லேபிள் கோணலாக இருந்தாலே ஸ்கேலை எடுக்கிறவர் அவர். தன் வீட்டு டப்பாக்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது.

இதிலிருந்து ஏன் ஆரம்பிக்கிறேன் என்று யோசிக்க வேண்டாம். நடந்ததை என் சொந்த வார்த்தைகளில், கோர்ட்டில் படிக்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதித் தரச் சொன்னீர்கள். கம்ப்யூட்டர் சமாசாரத்தை நான் வாயால் சொன்னபோது உங்கள் ஏட்டு கொட்டாவி விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, என் மனைவியும் அப்படித்தான். டப்பாவை வைத்துச் சொன்னால் அவருக்கும் புரியும்.

என் பெயர் எரிக். ஆதம்பாக்கத்தில் மனைவி நோராவோடு இருக்கிறேன். அடையாறில் 'நலமா' என்ற சின்ன கம்பெனியில் வெப்சைட் எழுதுகிற வேலை. என் அம்மா ஜூலியட், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, சாந்தோமில் ஒரு முதல் மாடி ஃபிளாட்டில் தனியாக இருந்தார். போன வாரம் குளியலறையில் விழுந்து இறந்துபோனார். அதற்கு நான்தான் காரணம் என்று, எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த சைஃப் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார். சைஃப் நல்ல மனிதர். அவர் புகாரில் தப்பு எதுவும் இல்லை. சில விவரங்கள் அவருக்குத் தெரியாது, அவற்றை மட்டும் நான் நிரப்பித் தருகிறேன்.

முதலில் கம்பெனி. பிள்ளைகள் வெளிநாட்டிலோ ஊரின் மறுகோடியிலோ இருக்க, மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கம் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கான சேவை அது. காலையில் எழுந்ததும் பெரியவர் தன் போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து 'நலம்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். பத்து மணி வரை அமுக்காவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் எங்கள் ஆள் ஒருவர் ஸ்கூட்டரில் போய்க் கதவைத் தட்டுவார். சாந்தோம் பக்கத்துக்கு அது சைஃப். பிள்ளைகள் எங்கிருந்தாலும் அதே பக்கத்தைத் திறந்து, அப்பா பச்சையா அம்மா பச்சையா என்று பார்த்துக்கொள்ளலாம். முதலாளி ரகுபதி இதை ஆரம்பித்தபோது எங்கள் பங்குச் சாமியார் பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காவல் தூதர் வருகிறார் என்றார். காவல் தூதருக்கு மாதச் சந்தா உண்டு என்பதை அவர் சொல்லவில்லை.

இந்தப் பச்சையும் சிவப்பும் எங்கே இருக்கின்றன என்றால், மேப் என்ற ஒன்றில். வரைபடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு அலமாரி நிறைய டப்பாக்கள், அவ்வளவுதான். டப்பாவின் மேலே ஒட்டிய லேபிளுக்கு எங்கள் தொழிலில் சாவி என்று பெயர். உள்ளே இருக்கிற சாமானுக்கு மதிப்பு என்று பெயர். சாவியைச் சொன்னால் மேப் அந்த டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டும். எத்தனை ஆயிரம் டப்பா இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் காட்டும், அதற்காகத்தான் வெப்சைட் எழுதுகிற எல்லோரும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். ஆனால் ஒரு லேபிளுக்கு ஒரு டப்பாதான். அதே லேபிளில் இன்னொன்றைப் போட்டால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும், ஒரு வார்த்தை கேட்காது. போட்டது யார் என்றும் பார்க்காது. நீங்கள் 'நலம்' என்று போட்டால் 'நலம்' என்று திருப்பிச் சொல்லும். அது உண்மையா என்று கேட்பது அதன் வேலை இல்லை.

மம்மியை நான்தான் சேர்த்தேன். ஊழியர் வீடு என்பதால் சந்தா கிடையாது. போன் நம்பர் என்ற இடத்தில் என் நம்பரைப் போட்டேன். இது உங்களுக்கு விசித்திரமாகத் தெரியாது என்று நினைக்கிறேன். உங்கள் அம்மாவின் கேஸ் சிலிண்டர் யார் நம்பரில் பதிவாகியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் பெரியவர்கள் கையில் போன் இருக்கும், ஆனால் ஆஸ்பத்திரி, பாங்க், மின்சார வாரியம், எங்கே கேட்டாலும் பிள்ளை நம்பரைத்தான் சொல்வார்கள். ஓடிபி வந்தால் அவன் பார்த்துக்கொள்வான். எங்கள் சந்தாதாரர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் கருணாகரன் ஐயாவுக்கு மூன்று பையன்கள். மூவரும் கூடிப் பேசி, ஒருவர் மேல் ஒருவர் தள்ளி, கடைசியில் அப்பாவுக்குக் கடை மேனேஜரின் நம்பரைக் கொடுத்தார்கள்.

ஆரம்பத்தில் நான் எழுதிய மேப்பில் ஒவ்வொரு பெரியவருக்கும் தனிச் சாவி. மம்மி அமுக்கினால் மம்மியின் டப்பாவில் பச்சை விழும். நான் திறந்தால் பார்ப்பதோடு சரி, எதுவும் மாறாது. ஒழுங்கான வேலை. இன்றைக்கும் யாரிடமும் காட்டலாம்.

குறை மம்மியிடமிருந்து வந்தது. முதல் மாதமே அவருக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. அமுக்கினால் யாரும் வர மாட்டார்கள், அமுக்காவிட்டால் சைஃப் வருவார். அதனால் அமுக்குவதை நிறுத்திவிட்டார். காலையில் குளித்து, புடவை மாற்றி, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து பத்து மணிக்காகக் காத்திருப்பார். சைஃப் பதறிக்கொண்டு மாடி ஏறி வந்து தட்டினால், "வா நைனா, நலமாத்தான் இருக்கேன், அந்த டியூப்லைட்டக் கொஞ்சம் பாரு," என்பார். டியூப்லைட் முடிந்தால் ஒழுகுகிற குழாய். குழாய் முடிந்தால் நொச்சிக்குப்பத்துக்குப் போய் மீன். சங்கரா நல்லதாக வந்திருந்தால் பாதி சைஃப் வீட்டுக்குப் போகும். சைஃப்புக்கு என் வயதுதான், அவருக்கு அம்மா இல்லை. இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போய்விட்டது. எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

ஆபீஸில்தான் சங்கடம். எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய டிவி உண்டு. யார் யார் சிவப்பு என்று அதில் வரும். தினமும் பத்து அடித்ததும் முதல் பெயர் ஜூலியட். சொந்த வீட்டு அலாரத்தையே அடக்க முடியாதவன் ஊருக்கு அலாரம் வைக்கிறான் என்று ரகுபதி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் மம்மியிடம் எடுத்துச் சொன்னேன். இது ஆபத்துக்கு மட்டும் என்றேன். இப்படியே விளையாடிக்கொண்டிருந்தால் உண்மையிலேயே விழுகிற அன்று யாரும் நம்ப மாட்டார்கள் என்றும் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, சொன்னது நான்தான். "நீ வா, நான் அமுக்கறேன்," என்றார் மம்மி. சாந்தோமுக்கும் அடையாறுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பாலம்தானே என்பது அவர் கணக்கு. காலை நேரத்தில் அந்தப் பாலத்தில் ஏறி இறங்குவது என்ன பாடு என்று அவருக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் டீ நேரத்தில், நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது, இன்றைக்கும் டீச்சர் வீடா என்று ரகுபதி சைஃப்பைக் கேட்டார். சைஃப் கள்ளம் கபடம் இல்லாதவர். கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"டீச்சரம்மா நல்லாத்தான் கீறாங்க சார். சும்மா நம்மளப் பாக்கறதுக்கோசரம் அமுக்காம உட்டுகினு கீறாங்க. இன்னா சொல்றாங்க தெரியுமா, எம்புள்ள வந்து கதவத் தட்ட மாட்டான் நைனா, அவன் எழுதுன ப்ரோக்ராம்தான் வந்து தட்டும்னு."

எல்லோரும் சிரித்தார்கள். ரகுபதி சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். அமைப்பில் ஒரு கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

அதே வாரம் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி போன் செய்தார். "பொத்தான அமுக்கறதுக்குள்ள விரல் நழுவிண்டு போயிடறது, ஆத்துல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறா," என்று அழாத குறை. ரகுபதி இளகிவிட்டார். இனிமேல் பொத்தானே வேண்டாம், பக்கத்தைத் திறந்தாலே நலம் என்று எடுத்துக்கொள்வோம் என்றார். திறக்கிற அளவுக்குத் தெம்பு இருந்தால் ஆள் இருக்கிறார் என்றுதானே அர்த்தம். நியாயமான யோசனை. அதைச் செய்து முடித்தபோது கூடவே இன்னொன்றும் செய்தேன். அதை யாரும் கேட்கவில்லை. மேப்பின் சாவியை மாற்றினேன். ஆளுக்கு ஒரு சாவி என்று இருந்ததை எடுத்துவிட்டு, பதிவு செய்த போன் நம்பரையே சாவியாக்கினேன்.

ஒரே ஒரு வரி, மேடம். மம்மியின் டப்பா மேல் இப்போது என் நம்பர் ஒட்டியிருக்கிறது. மம்மி போனிலும் என் போனிலும் பக்கம் திறப்பது அந்த நம்பரில்தான். மம்மி திறந்தாலும் அந்த டப்பாவில் பச்சை விழும், நான் திறந்தாலும் அதே டப்பாவில் பச்சை விழும். அம்மா எப்படி இருக்கிறாரோ என்று மகன் எட்டிப் பார்த்தாலே போதும், அம்மா நலமாகிவிடுவார். வெப்சைட் ஒழுங்காக ஓடுகிறதா என்று தினமும் ஆபீஸ் வரும் வழியில் திறந்து பார்ப்பது என் வழக்கம். அந்த வழக்கம் எனக்கு மறந்துவிடவில்லை. அதை நினைத்துத்தான் அந்த வரியை எழுதினேன்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அன்றைக்குப் படித்தது சிந்து. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், கண் மட்டும் கூர்மை. நாற்காலியோடு என் பக்கம் உருண்டு வந்தாள்.

"எரிக், இதுல பையன் பார்த்தாலே அம்மா பச்சை ஆயிடுவாங்க."

"பார்க்கிறான் இல்ல, அப்புறம் என்ன?"

"அவங்க விழுந்து கிடந்தாலும் பச்சைதான் காட்டும்."

அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவளுக்கு அப்ரைசல் நெருங்கிக்கொண்டிருந்தது, அதை எழுதப்போவது நான் என்பது அவளுக்கும் தெரியும். நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளே திரும்பிப் போய் ஒப்புதல் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணை இந்த வழக்கில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாளிலிருந்து டிவி முழுக்கப் பச்சை. ஷார்ஜாவிலும் மெல்போர்னிலும் பிள்ளைகள் எழுந்து பல் தேய்த்துக்கொண்டே பக்கத்தைத் திறக்க, இங்கே மயிலாப்பூரில் அப்பாக்களும் அம்மாக்களும் வரிசையாக நலமானார்கள். தி. நகரில் மேனேஜர் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போனைப் பார்த்ததும் கருணாகரன் ஐயா நலமானார். வீண் அலைச்சல் அடியோடு நின்றுபோனது. சந்தாதாரர்கள் பாராட்டி எழுதினார்கள், இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்று. ரகுபதி எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கித் தந்தார். தட்டுவதற்குக் கதவு இல்லாததால் ஆட்களைக் குறைத்தார், அதில் சைஃப்பும் போனார். அது ரகுபதியின் முடிவு, நான் ஸ்வீட் சாப்பிட்டதோடு சரி. மற்ற வீடுகளில் இதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் பச்சையாகத்தான் இருக்கும் என்பதால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

மம்மி அன்றைக்கே போன் செய்தார்.

"இன்னிக்கு சைஃப் வரல."

"நீங்க பக்கத்தத் திறந்திருப்பீங்க மம்மி."

"நான் போனத் தொடவே இல்லடா."

"பச்சை காட்டுதே."

மறுநாள் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போதும் பச்சை. அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்து வைத்தார். அப்போதும் பச்சை. ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் செய்து கேட்டார், ஒவ்வொரு தடவையும் திரையில் இருந்ததைச் சொன்னேன். அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. தான் எப்போது திறந்தோம் என்றுதான் கேட்டார். பள்ளியில் படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா பெயர், தெரு, எந்தப் பாடத்தில் தோற்றான் என்பது வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தவர் அவர். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை நோரா வந்தாளா என்று நோராவிடமே கேட்பார். வழி தப்பிவிடுமோ என்று காலைப் பூசைக்குத் தனியாகப் போவதையும் விட்டுவிட்டார். எதிர்த் தெருவில்தான் கோவில்.

இந்த வயதில் மறதி சகஜம் என்று நான் ஆறுதல் சொன்னேன். தேவைப்பட்டால் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றேன். "நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்," என்றார் மம்மி. என் வாழ்க்கையில் அவர் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. என் கையெழுத்து, நான் எடுத்த குரூப், நான் கட்டிய பெண், நான் குடிபோன ஏரியா, எதிலும் நான் சொன்னது அவருக்குச் சரியாக இருந்ததில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் மறுபடி பழைய ஜூலியட் டீச்சராக ஆகியிருப்பார். எனக்கு இந்த மம்மியைப் பிடித்திருந்தது. போன் பேசினால் சீக்கிரம் வைத்துவிடுவார், கடைசியில் நன்றிகூடச் சொல்வார்.

இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட அந்த நாட்கள். வியாழக்கிழமை காலை மத்திய கைலாஷ் சிக்னலில் பக்கத்தைத் திறந்தேன். பச்சை. மதியம் மம்மியிடமிருந்து போன் வரவில்லை. டிபன் பாக்ஸில் என்ன என்று கேட்க தினமும் கூப்பிடுவார், அன்றைக்குக் கூப்பிடவில்லை. அதை நான் கவனித்தேன். சரி, பழகிவிட்டார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமையும் காலையில் திறந்தேன், பச்சை. மதியம் நானே கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றீர்கள். ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் கல்யாணமாகி ஆதம்பாக்கம் போன புதிதில் மம்மி இதையேதான் செய்வார். போனை எடுக்க மாட்டார். நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தால், மேசையில் தட்டு வைத்து, மீன் வறுத்து, சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். போன் சத்தம் கேட்கவில்லை என்பார். இப்போது நான் பாலம் ஏறி ஓடினால் மறுபடி அது ஆரம்பமாகும். நாளைக்கும் எடுக்க மாட்டார், நாளன்றைக்கும் எடுக்க மாட்டார். இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்ததெல்லாம் வீணாகும்.

அதனால் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பச்சையாக இருந்தது. நான் சாப்பிடப் போனேன்.

சனிக்கிழமை காலை நொச்சிக்குப்பத்தில் சங்கரா நன்றாக வந்திருக்கிறது என்று, வேலை போன பிறகும், யாரும் அனுப்பாமல், சைஃப் மீன் வாங்கிக்கொண்டு மம்மி வீட்டுக்குப் போனார். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தார். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். பச்சை என்றுதானே காட்டுகிறது என்றேன். உடனே கிளம்பவில்லையே ஏன் என்று கேட்டீர்கள். பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையாக இருந்தது, அதனால் கொஞ்சம் குழப்பமாகிவிட்டது.

விழுந்தது வியாழக்கிழமை விடிகாலை, உயிர் போனது வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதைப் படித்தேன். பிளாஸ்டிக் மக் உடையும் வரை மம்மி தண்ணீர்க் குழாயில் தட்டியிருக்கிறார். கீழ் வீட்டில் கேட்டிருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் டைல்ஸ் வேலை என்று நினைத்துக்கொண்டார்களாம். நான் மதியம் கூப்பிட்ட ரிங் சத்தம் ஹாலிலிருந்து குளியலறைக்குக் கேட்டிருக்குமா என்று நோரா என்னிடம் கேட்டாள். சின்ன வீடுதான், கேட்டிருக்கும்.

பிணவறை வாசலில் சைஃப் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சரம்மா தொடாத எப்டி சார் பச்ச வந்துச்சு," என்று கேட்டார். சர்வரில் ஏதோ பிரச்சினை என்று சொன்னேன். இந்த முழு விவகாரத்தில் நான் வாய் விட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதைத் திருத்திக்கொள்கிறேன். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. மேப்பும் நன்றாகத்தான் இருந்தது. போட்டதைத் திருப்பிக் காட்டியது.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் நான் பார்த்த பச்சை என் விரல் போட்ட பச்சை என்று எனக்குத் தெரியும். தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன், இன்னொருத்தி சிந்து. அந்த நேரத்தில் மம்மி உயிரோடு இருந்தார். ஆபீஸிலிருந்து பாலம் தாண்டினால் அவர் வீடு. நான் போகவில்லை. போகக் கூடாது என்று முடிவு செய்தேன். சாவியை மாற்றியதும் அவர் கூப்பிட்டால் யாரும் வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். இதற்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று நீங்களும் ஏட்டும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எது போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மம்மியைத் தவிக்கவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது நியாயமில்லை. நான் தினமும் அவரைப் பார்த்தேன். ஒரு நாள்கூடப் பார்க்காமல் விட்டதில்லை, உங்களிடம் இருக்கிற பதிவிலேயே அது இருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். என் போனை வாங்கி உங்கள் மேசை டிராயரில் வைத்திருக்கிறீர்கள். பின் நம்பரை ஏட்டிடம் சொல்லிவிட்டேன். மேப்பிலிருந்து மம்மியை இன்னும் யாரும் நீக்கவில்லை. அதுவும் ஒரே வரிதான், எழுத எனக்கு நேரம் அமையவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் திறந்து பார்த்தேன், பச்சை. இன்று காலை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன், பச்சை. பார்த்ததும் மனசுக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்குள் யாரையாவது அதை ஒரு தடவை திறந்துவிடச் சொல்லுங்கள், மேடம். இல்லாவிட்டால் மம்மிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று காட்டும்.